பியானோவுக்குப் பதில் கீபோர்டு: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலும் வேறு ஊர்களிலும் மிஷனரிகள் தொடங்கிய பழைய பள்ளிகள் சிலவற்றில் இன்றும் மண்டபத்து ஓரத்தில் ஓர் அப்ரைட் பியானோ இருக்கிறது. சுதி கலைந்து, சில கட்டைகள் அழுந்தியபடியே நின்றுவிட்டால், அதைக் கழித்துவிட்டுப் பத்து எலெக்ட்ரானிக் கீபோர்டுகளை வாங்கலாமே என்ற யோசனை நிர்வாகத்தில் எழுகிறது. யோசனையில் தவறில்லை. அதை நிறைவேற்றும் அவசரத்தில்தான் பின்னால் திருத்த முடியாத தவறுகள் நேர்கின்றன.

அவற்றில் பெரியது, பியானோவைத் திறந்துகூடப் பார்க்காமல் அதன் ஆயுள் முடிந்தது என்று முடிவு செய்வது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டைகள் ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், கட்டையை நேராக நிறுத்தும் உலோக ஊசியை ஒட்டியுள்ள கம்பளித் துணி ஈரத்தில் உப்பிவிடுவதுதான். சுதி சேர்க்கும் கைதேர்ந்த ட்யூனர் அந்தத் துணியைச் சற்று அழுத்தி இடம் விட்டால் கட்டை பழையபடி எழும்பும். கம்பிகளைத் தட்டி ஓசை எழுப்பும் சுத்தியல்களின் ஃபெல்ட் உறையைப் பூச்சி அரித்திருந்தால்கூட அதை மாற்றிவிடலாம். ஆனால் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் ட்யூனிங் பின்கள் பதிந்துள்ள மரப்பலகை வெடித்திருந்தால், சேர்த்த சுதி சில நாட்களிலேயே இறங்கிவிடும். வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால் நிலைமை அதைவிட மோசம், ஏனென்றால் ஏறத்தாழ 230 கம்பிகளின் இழுவிசை, 15 டன்னுக்கும் மேல், அந்தச் சட்டத்தின் மீதுதான் விழுகிறது. இப்படிப்பட்ட பழுதுகள் இருந்தால் பியானோவைக் கைவிடுவது நியாயமே. இல்லையென்றால், ட்யூனரிடம் எழுத்துப்பூர்வமாக அறிக்கை வாங்கும் வரை அதை விற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு, மின்சாரத்தில் இயங்கும் எல்லாவற்றையும் 'கீபோர்டு' என்று ஒரே கணக்கில் சேர்ப்பது. பள்ளிகள் வழக்கமாக வாங்கும் கீபோர்டில் 61 கட்டைகள்; பியானோவில் 88. கீபோர்டின் கட்டை சுருள்வில்லின் பலத்தால் எழும்புகிறது. டிஜிட்டல் பியானோவிலோ சுத்தியலின் எடையை விரல் உணரும்படி கட்டையின் அடியிலேயே ஒரு பொறியமைப்பு இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். உண்மையான பியானோவில் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அழுத்தினால் ஓசையே எழாது, ஏனென்றால் சுத்தியல் கம்பியை எட்டும் முன்பே பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. கம்பி வரை அதைக் கொண்டுசேர்ப்பது விரல் கொடுத்த வேகம் மட்டுமே. விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் எப்படி அழுத்தினாலும் ஓசை ஒரே அளவில் வரும். அப்படிப்பட்ட கீபோர்டிலேயே சில ஆண்டுகள் பழகிய குழந்தை பியானோவின் முன் உட்காரும்போது, மென்மையாக வாசிக்க வேண்டிய இடங்களில் சில சுரங்கள் ஒலிக்காமலே போகின்றன, வேகமான இடங்களில் விரல் சோர்ந்துவிடுகிறது. அதைக் குழந்தையின் திறமைக் குறைவாகக் கருதுவது அநியாயம்.

காலால் அழுத்தி ஓசையை நீட்டிக்கும் பெடலை மறந்துவிடுவதும் இதோடு சேர்ந்ததே. பல கீபோர்டுகளுடன் பெடல் வருவதில்லை. தனியாக வாங்கும் எளிய பெடலும் சுவிட்சைப் போல முழுமையாக இயங்கும் அல்லது நின்றுவிடும். பாதி அழுத்திப் பாதி விடும் நுணுக்கம் அதில் பழக வழியில்லை.

தேர்வுகளைப் பொறுத்தவரை கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் பியானோவும் எலெக்ட்ரானிக் கீபோர்டும் வெவ்வேறு பாடத்திட்டங்கள். கீபோர்டு தேர்வில் தானியங்கித் தாளத்தையும் பலவகைக் கருவிகளின் ஓசைகளையும் கையாளும் திறன் மதிப்பிடப்படுகிறது. அதற்கென்று ஒரு தனிப் பயிற்சி உண்டு, அதை மட்டமாகக் கருத வேண்டியதில்லை. வகுப்பு கீபோர்டில் நடக்க, மாணவியின் பெயரைப் பியானோ கிரேடு தேர்வுக்குப் பதிவு செய்வதுதான் தவறு. எந்தப் பாடத்திட்டம் என்பதை முதலில் ஆசிரியர் முடிவு செய்யட்டும், அதற்கேற்ற கருவியை நிர்வாகம் வாங்கட்டும்.

ஹெட்ஃபோன் இருந்தால் இருபது பேர் ஒரே அறையில் வாசிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பாட வேளை முழுவதும் ஹெட்ஃபோனிலேயே கழிந்தால் ஆசிரியர் யாருடைய வாசிப்பையும் கேட்பதில்லை, குழந்தைகளும் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்பதில்லை. ஒருவர் கேட்டு மற்றவர் தொடரும் பழக்கம் இல்லாமல் பள்ளிக்குப் பாடகர் குழு எப்படி உருவாகும்? அந்தக் குழுவுக்குத் துணையாக மண்டபத்தில் வாசிக்கும்போதும் சிறிய கீபோர்டின் ஸ்பீக்கர் போதாது. அதன் ஆற்றல் பெரும்பாலும் சில வாட் மட்டுமே. ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு ஆகிய செலவுகளையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். பியானோவுக்கு ஆண்டுக்கு இருமுறை சுதி சேர்க்கும் செலவைப் பார்த்துத் தயங்கும் நிர்வாகங்கள், மின்னணுக் கருவிக்கு உதிரிபாகம் கிடைக்கும் காலம் குறுகியது என்பதைப் பார்ப்பதில்லை. மாடல் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின் ஒரு சர்க்யூட் போர்டு பழுதானால் கருவியையே மாற்ற வேண்டியிருக்கும். நல்ல பராமரிப்பில் உள்ள பியானோ பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆகவே மின்னணுக் கருவியைத்தான் வாங்குவது என்று முடிவானால், 88 கட்டைகள், சுத்தியல் எடை கொண்ட கட்டைகள், பாதி அழுத்தத்தை உணரும் பெடல், அதே ஊரில் சர்வீஸ், உதிரிபாகம் கிடைக்கும் காலத்துக்கான உறுதி ஆகியவற்றை விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள்.