டிபி டெஸ்ட்: மூன்று டப்பாவை வைத்து கிராக் பிடிப்பது எப்படி

டிபி டெஸ்டில், அதாவது சாயத்தை உள்ளே இறக்கி உலோகத்தில் கிராக் தேடும் டை பெனட்ரன்ட் டெஸ்டில், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிளீனர், சிவப்பு பெனட்ரன்ட், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டப்பா, கொஞ்சம் பனியன் வேஸ்ட், கையில் ஒரு வாட்ச். வெல்டிலோ காஸ்டிங்கிலோ (உருக்கி வார்த்த உருப்படி) மேலே வாய் திறந்திருக்கிற கிராக்குக்குள் சிவப்புச் சாயம் இறங்கும், மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்தால் உள்ளே போனதை அது உறிஞ்சி வெளியே கொண்டுவந்து காட்டும். டாங்க் வெல்டில் ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்து மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிக் கசிவு பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அந்தத் தந்திரம்தான். ஸ்ப்ரே டப்பா வருவதற்கு ரொம்ப முன்பே ரயில்வே ஒர்க்‌ஷாப்புகளில் உருப்படிகளை எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணாம்பு பூசி கிராக் தேடியிருக்கிறார்கள்.

முறை சுலபம் என்பதால்தான் தப்பாகச் செய்வதும் சுலபம். தப்பாகச் செய்த டெஸ்ட் பெரும்பாலும் "ஓகே" என்றுதான் சொல்லும்.

முதலில் சுத்தம். பாதி வேலை இதுதான். ஸ்லாக் (வெல்டின் கசடு), ஸ்பேட்டர் (தெறித்து ஒட்டிய உலோகத் துளி), பெயின்ட், கிரீஸ், துரு எல்லாம் போக வேண்டும், வெல்டுக்கு இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு இஞ்ச் வரைக்கும். வயர் பிரஷ் போதும் என்கிற இடத்தில் கிரைண்டரை எடுக்காதீர்கள். அலுமினியம் மாதிரி மெத்தென்ற உலோகத்தைக் கிரைண்ட் செய்தால் மேல்தோல் இழுபட்டு கிராக்கின் வாயை மூடிவிடும். ஷாட் பிளாஸ்ட் செய்த காஸ்டிங்கிலும் இதே வம்பு உண்டு, குண்டு அடித்து அடித்தே வாய் நசுங்கிப்போயிருக்கும், அதனால் முக்கியமான உருப்படி என்றால் ஆசிட் எட்ச் செய்து, அதாவது மேல்தோலை ஆசிடால் லேசாக அரித்து, கழுவி, காயவைத்துவிட்டுத்தான் டெஸ்டுக்கு எடுப்பார்கள். கிளீனர் அடித்த பிறகும் அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்கள். கிராக்குக்குள் கிளீனரே நிறைந்திருந்தால் பெனட்ரன்ட் எங்கே போய் உட்காரும்?

அடுத்து பெனட்ரன்ட். உலோகத்தின் சூடு 5 டிகிரிக்கும் 52 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது ஏஎஸ்எம்ஈ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) விதி. குளிர் நமக்குப் பிரச்சினை இல்லை, மே மாதம் மதியம் யார்டில் கிடக்கிற பிளேட்தான் பிரச்சினை, கை வைக்க முடியவில்லை என்றால் நிழலுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பெனட்ரன்ட் அடித்துவிட்டு ஊறவிட, வெல்டுக்கும் காஸ்டிங்குக்கும் அந்த விதி சொல்வது குறைந்தது 5 நிமிஷம், ஃபோர்ஜிங்குக்கும் (அடித்து உருவாக்கிய உருப்படி) பிளேட்டுக்கும் 10. நான் எதுவாக இருந்தாலும் 10 நிமிஷத்துக்குக் குறைவாக விடுவதில்லை. நடுவில் காய்கிற மாதிரி தெரிந்தால் மறுபடி ஒரு கை அடித்துக்கொள்ளலாம், காயவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இப்போது துடைக்கும் கட்டம், ஆள் மாட்டிக்கொள்ளும் இடம். முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள். அப்புறம் துணியில் கொஞ்சம் கிளீனரை அடித்து அந்த ஈரத்தால் துடையுங்கள். கிளீனரை நேரடியாக வெல்டு மேல் அடிக்கவே கூடாது, கிராக்குக்குள் இருக்கிற சாயத்தையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். நான் புதுசாக வேலைக்குச் சேர்ந்தபோது அவசரத்தில் அப்படித்தான் அடித்தேன், டெவலப்பர் போட்டதும் பால் மாதிரி வெள்ளையாக வந்தது, சந்தோஷமாகக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஹைட்ரோ டெஸ்டில் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) நாசில் (குழாய் சேரும் வாய்) வெல்டு முடிந்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நட்சத்திர வடிவில் ஒரு கிரேட்டர் கிராக். வெல்டர் ராடைச் சட்டென்று தூக்கிவிட்டால் கடைசிக் குழியில் வருவது அது, இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது வெல்டு தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும்தான்.

டெவலப்பர் டப்பாவை உள்ளே இருக்கிற குண்டு கடகடவென்று சத்தம் போடும்வரை குலுக்கி, ஒரு அடி தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். அடியில் உலோகம் லேசாகத் தெரிய வேண்டும். சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பினால் சின்னக் கோடுகள் அதற்குள்ளேயே புதைந்துவிடும். அடித்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், சாயம் எப்படிக் கசிந்து வருகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இறுதி முடிவை 10 நிமிஷத்துக்குப் பிறகு, 60 நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டும், அந்த இடத்தில் 1000 லக்ஸ் வெளிச்சமாவது வேண்டும். மங்கலான ஷெட்டில் செல்போன் டார்ச்சை நம்பி உட்காராதீர்கள், ஒரு ஹேண்ட் லாம்ப் இழுத்துக்கொள்ளுங்கள்.

என்ன தெரியும்? கூர்மையான சிவப்புக் கோடு என்றால் கிராக். தனித்தனிப் புள்ளிகள் என்றால் போரோசிட்டி, அதாவது வாயுக் குமிழி விட்ட ஓட்டைகள். காஸ்டிங்கில் வழவழப்பாக வளைந்து போகிற கோடு பெரும்பாலும் கோல்டு ஷட், அதாவது இரண்டு பக்கமிருந்து வந்த உருகிய உலோகம் சந்திக்கும்போதே ஆறிப்போய் ஒட்டாமல் நின்ற இடம். மூலையில், கனமான பகுதியும் மெல்லிய பகுதியும் சேரும் இடத்தில், கிழிந்த துணி விளிம்பு மாதிரி வந்தால் ஹாட் டியர், ஆறும்போது சூட்டிலேயே கிழிந்த இடம். பஞ்சு மாதிரி பரவலாகச் சிவந்தால் ஷ்ரிங்கேஜ் (உலோகம் ஆறிச் சுருங்கியதில் வந்த ஓட்டை) மேலே வரைக்கும் திறந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அண்டர்கட் (வெல்டின் விளிம்பில் அரிபட்ட பள்ளம்) ஓரத்தில் சரியாகத் துடைக்காத சாயமும் கோடு மாதிரியே ஏமாற்றும், சந்தேகம் வந்தால் சுத்தம் செய்து முழு டெஸ்டையும் மறுபடி போடுங்கள்.

பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) வேலைக்கு ஏஎஸ்எம்ஈ செக்‌ஷன் 8 வைத்திருக்கும் கணக்கு இது: சிவப்புக் குறியின் நீளம் அகலத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அது கோடு, 1.5 மில்லிமீட்டரைத் தாண்டிய எந்தக் கோடும் ரிஜெக்ட். உருண்டைக் குறி 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் ரிஜெக்ட், நான்கோ அதற்கு மேலோ 1.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நின்றாலும் ரிஜெக்ட். பம்ப் காஸ்டிங்குக்கு வாடிக்கையாளர் டிராயிங்கில் வேறு கணக்கு இருக்கலாம், அதைப் படிக்காமல் சிவப்பைப் பார்த்ததும் ரிஜெக்ட் என்று எழுதச் சாக்பீஸை எடுக்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குளோரின், ஃபுளோரின் குறைவான பெனட்ரன்ட்தானா என்று பேட்ச் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாதவை, அங்கே டிபிதான் கைகொடுக்கும். கார்பன் ஸ்டீலாக இருந்தால் எம்பிஐ (காந்தமாக்கி இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் டெஸ்ட்) இன்னும் வேகம், தோலுக்குக் கொஞ்சம் கீழே இருப்பதையும் காட்டும், ஆனால் யோக்கை (இரண்டு கால் உள்ள காந்தம்) ஒரு திசையில் மட்டும் வைத்தால் அதற்கு இணையாக ஓடுகிற கிராக் தெரியாமல் போகும், திருப்பி வைத்தும் பாருங்கள். உள்ளே புதைந்திருக்கிற ஸ்லாக், ப்ளோ ஹோல் எல்லாம் டிபிக்குத் தெரியவே தெரியாது. அதற்கு எக்ஸ்ரே. பக்கச்சுவரில் ஒட்டாமல் நின்ற வெல்டை எக்ஸ்ரே கோட்டைவிட வாய்ப்பு அதிகம், அங்கே அல்ட்ராசோனிக்தான் கேட்க வேண்டும்.

டப்பாவில் இருப்பது தீப்பிடிக்கும் சரக்கு, பக்கத்தில் வெல்டிங் ஓடும்போது அடிக்காதீர்கள், டாங்குக்குள் இறங்கி அடிப்பதாக இருந்தால் காற்றுக்கு ப்ளோயர் போட்டுவிட்டு இறங்குங்கள். கிராக் இருந்தால் கிரைண்ட் செய்து எடுத்த குழியிலும் ஒருமுறை டிபி போட்டு, முழுக்கப் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே வெல்டரைக் கூப்பிடுங்கள். வெல்டர் கை வைப்பதற்கு முன் குழியைக் கிளீனரால் நன்றாகக் கழுவியாக வேண்டும், மிச்சமிருக்கிற சாயம் சூட்டில் ஆவியாகி புது வெல்டிலும் ஓட்டை போடும், அப்புறம் வெல்டர் உங்களைத்தான் திட்டுவார்.