சொங்காக்கில் யார் ஜெயித்தது? பைத்தானில் ஒரு சின்ன ஃபங்ஷன்

பினாங்கில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு பைத்தான் சொல்லிக்கொடுக்கும்போது நான் எக்ஸ்-ஓ ஆட்டத்தைத் தொடுவதில்லை. அதற்கு விடை எங்கே தேடினாலும் கிடைக்கும், அப்படியே காப்பியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சொங்காக்தான் சரி, நம்ம பல்லாங்குழிக்குச் சொந்தக்கார ஆட்டம்.

பக்கத்துக்கு 7 சின்னக் குழி, ஆளுக்கு ஒரு பெரிய குழி, அதை வீடு என்று வைத்துக்கொள்வோம். சின்னக் குழி ஒவ்வொன்றிலும் 7 சோழி, ஆக மொத்தம் 98. சுற்று முடியும்போது யார் வீட்டில் அதிகமோ அவர் ஜெயித்தார்.

பலகையை 16 எண்கள் உள்ள லிஸ்ட்டாக வையுங்கள். பைத்தான் 0-இலிருந்து எண்ணும், அதனால் நம் குழிகள் 0 முதல் 6, நம் வீடு 7, எதிராளியின் குழிகள் 8 முதல் 14, அவர் வீடு 15.

இப்போது பெரும்பாலானவர்கள் லூப் போட்டு 14 குழியும் காலியா என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை! வீட்டுக்குள் போன சோழி அந்தச் சுற்றில் வெளியே வராது, மொத்தமோ 98, அதனால் ஒருவர் 50-ஐத் தொட்டதுமே கதை முடிந்தது. இரண்டு வீட்டிலும் 49 இருந்தால் குழிகளில் மிச்சம் எதுவும் இருக்க முடியாது. முதலில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் பைத்தானுக்கு மாற்றலாம்:

யார்_ஜெயித்தது(பலகை):
    பலகை[7] > 49 என்றால் ரிட்டர்ன் "நாம்"
    பலகை[15] > 49 என்றால் ரிட்டர்ன் "எதிராளி"
    இரண்டும் 49 என்றால் ரிட்டர்ன் "சமன்"
    எதுவும் இல்லையென்றால் ரிட்டர்ன் "இன்னும் ஆடணும்"

கவனியுங்கள், விடை நான்கு. சமனையும் முடியாத ஆட்டத்தையும் ஒரே விடையாகப் போட்டுவிட்டால், ஆட்டத்தைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று மீதி புரோகிராமுக்குத் தெரியாது. ரிட்டர்ன் என்று எழுதிய இடத்தில் பிரிண்ட் போடாதீர்கள். திரையில் பெயர் அழகாக வரும், ஆனால் ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடத்துக்குக் கிடைப்பது வெறும் None, அதாவது ஒன்றுமில்லை.

குழிக்கு 5 சோழி வைத்து ஆடுகிறீர்களா? மொத்தம் 70, பாதி 35. 49-க்குப் பதில் 'பாதி' என்று ஒரு பெயர் வைத்து, ஆட்டம் தொடங்கும்போதே கணக்கிட்டு ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடுங்கள். நடுவில் பலகையைக் கூட்டி எடுக்க வேண்டாம், ஏனென்றால் சோழியை அள்ளிய குழியைக் காலியாக்க மறந்தால் மொத்தம் ஏறும், பாதியும் கூடவே ஏறிப் பிழையை மறைத்துவிடும். ஒரு பக்கம் காலியானதும் நிறுத்தி, மிச்சத்தை அந்தந்தப் பக்கத்துக்காரரிடம் விடுவது உங்கள் வீட்டு வழக்கமா? அந்த மிச்சத்தை அவரவர் வீட்டில் சேர்ப்பது நகர்த்தும் ஃபங்ஷனின் வேலை, இதில் ஒரு வரியும் மாறாது.

சோதிக்க வெற்றிப் பலகை மட்டும் போதாது. நம் வீட்டில் 49, எதிர் வீட்டில் 45, குழிகளில் 4 என்று ஒன்று கொடுத்துப் பாருங்கள். "நாம்" என்று வந்தால் நீங்கள் இரண்டு வீட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கிறீர்கள், பாதியோடு அல்ல.