நேற்றைய எஸ்டிஎஃப் இன்று வேறு டிஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர் வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், இரவுப் பராமரிப்புக்கான பணிக்குறிப்பைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நேர்த்தியாகத்தான் எழுதியிருந்தார். நான்காவது வரி, சர்வரை மறுதொடக்கம் செய்வது. ஏழாவது வரி, எஸ்டிஎஃப் (sdf, லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்குக் கொடுக்கும் எழுத்துக் குறி) டிஸ்க்கை வால்யூம் குழுவில், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் தொகுப்பில், சேர்ப்பது. இந்த இரண்டையும் இதே வரிசையில் ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். அன்று பட்டது இன்னும் ஆறவில்லை.

எஃப்எஸ்டேப் கோப்பில் (சர்வர் தொடங்கும்போது எதை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் பட்டியல்) எஸ்டி எழுத்துகள் வேண்டாம், யுயுஐடி (டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும் நீண்ட அடையாள எண்) போடுங்கள் என்பதை எல்லாரும் சொல்லியாயிற்று. இப்போது லினக்ஸை நிறுவும்போதே பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பணிக்குறிப்பில் எழுத்தைக் குறித்து வைப்பது

லினக்ஸின் மையமான கர்னல், டிஸ்க்குகளைக் கண்டுகொள்ளும் வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுத்து கொடுத்துக்கொண்டே போகும். 26 எழுத்துகளும் தீர்ந்தால் எஸ்டிஏஏ என்று தொடரும். அது டிஸ்க்கின் பெயர் அல்ல, வரிசையில் நின்றதற்குக் கிடைத்த டோக்கன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் புதிய டிஸ்க்கைச் செருகினால், காலியாக இருக்கும் அடுத்த எழுத்து அதற்குக் கிடைக்கும். மறுதொடக்கம் செய்தால் எல்லாருக்கும் புது டோக்கன்.

அன்று என் சர்வரில் எஸ்டிஏ இயங்குதளத்துக்கு. எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை நான்கு டிஸ்க்குகள் சேர்ந்து ஒரே வால்யூம் குழு. (ஒரு டிஸ்க் போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், அது வேறு வழக்கு.) இடம் போதவில்லை என்பதால், பழைய சர்வரிலிருந்து கழற்றிய அதே மாடல், அதே அளவு டிஸ்க் ஒன்றைப் பகலில் செருகினேன். மூன்றாவது ஸ்லாட் காலியாக இருந்தது. எஸ்டிஎஃப் என்று வந்தது. எஸ்டிஎஃப் என்று குறித்துக்கொண்டேன்.

இரவில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, மறுதொடக்கம். டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர், ஸ்லாட்டுகளை முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தது. மூன்றாவது ஸ்லாட்டில் இருந்த புதிய டிஸ்க் எஸ்டிசி ஆனது. அதற்குப் பின்னால் இருந்தவை ஆளுக்கொரு எழுத்து தள்ளி உட்கார்ந்தன. பகலில் எஸ்டிஇ ஆக இருந்த, தரவு நிறைந்த டிஸ்க் இப்போது எஸ்டிஎஃப். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. எல்லா வால்யூம்களும் ஏறின, தரவுத்தளம் எழுந்து நின்றது.

குறிப்பைப் பார்த்து, எஸ்டிஎஃப் மீது, டிஸ்க்கை வால்யூம் குழுவுக்குத் தயார்செய்யும் பிவிகிரியேட் கட்டளையைக் கொடுத்தேன். இந்த டிஸ்க் ஏற்கெனவே ஒரு வால்யூம் குழுவைச் சேர்ந்தது, முடியாது என்று மறுத்தது. குழுவின் பெயரையும் சொன்னது. அந்தப் பெயர் இந்தச் சர்வரின் குழுப் பெயர்தான். ஆனால் நாங்கள் எல்லாச் சர்வர்களிலும் அதே ஒரு பெயரைத்தான் வைத்திருந்தோம்! பழைய சர்வரின் மிச்சம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிடி கட்டளையால் டிஸ்க்கின் முதல் 10 ஜிபியில் பூஜ்ஜியங்களை எழுதி ‘சுத்தம்’ செய்தேன். டிடி எதையும் கேட்காது. ஒரு டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை.

மறுபடியும் பிவிகிரியேட். இந்த முறை, டிஸ்க்கைத் தனி உரிமையோடு திறக்க முடியவில்லை, அதில் கோப்பு முறைமை ஏதாவது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டது. அப்போதுதான் விரல்கள் சில்லிட்டன. தரவுத்தளம் அந்த நேரத்திலும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நினைவகத்தில் மிச்சமிருந்ததை வைத்து.

டிஸ்க்கின் தலைப்பில் இருந்த எல்விஎம் (வால்யூம் குழுக்களை நிர்வகிக்கும் லினக்ஸ் மென்பொருள்) அடையாளத்தை மீட்க முடிந்தது. எல்விஎம் தன் அமைப்பு விவரங்களை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஈடிசி அடைவுக்குள் ஆர்க்கைவ் என்ற இடத்தில் நகலெடுத்து வைக்கிறது. பழைய யுயுஐடியோடு பிவிகிரியேட் செய்து, அந்த நகலிலிருந்து மீட்கும் விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் கட்டளையைக் கொடுத்தால் குழு திரும்பி வரும். ஆனால் அழித்த 10 ஜிபி தரவு அந்த நகலில் கிடையாது. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டோம். ஒரு நாள் முழுக்க மற்றவர்கள் பதிந்ததையெல்லாம் மறுபடியும் அவர்களே உட்கார்ந்து பதிந்தார்கள். என் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எரிச்சல் எங்கே என்றால், எல்விஎம் இந்த எழுத்துகளை நம்புவதே இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும் தன் யுயுஐடியை எழுதி வைத்து, அதைத் தேடித்தான் குழுவைக் கூட்டுகிறது. அதனால்தான் எழுத்துகள் தலைகீழாக மாறியும் அன்று ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. மென்பொருள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தது, எழுத்தை நம்பிய ஒரே பிறவி விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

எனவே குறிப்பில் சீரியல் எண்ணை எழுதுங்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையிடம் பெயர், அளவு, சீரியல், டபிள்யூடபிள்யூஎன் (டிஸ்க்கின் உலகளாவிய அடையாள எண்) ஆகிய நெடுவரிசைகளைக் கேட்டால் ஒரே அட்டவணையில் காட்டும். அழிக்கும் கட்டளை எதுவானாலும், அதற்கு முந்தைய கட்டளை இதுவாக இருக்கட்டும், நேற்று எடுத்த அட்டவணை செல்லாது. அழிக்கும் கட்டளையில் பை-ஐடி அடைவில் இருக்கும் நீளமான பெயரைக் கொடுங்கள். மாடலும் சீரியலும் அந்தப் பெயரிலேயே இருப்பதால், தவறான டிஸ்க்கைத் தட்டச்சு செய்வதே கடினம். பிறகு பிவிஎஸ் கட்டளை அதே டிஸ்க்கை எஸ்டி எழுத்தில்தான் காட்டும். பயப்பட வேண்டாம், அது வெறும் காட்சி.

மெய்நிகர் சர்வர்களில் சீரியல் நெடுவரிசை காலியாக இருக்கக்கூடும். விஎம்வேரில் டிஸ்க்.எனேபிள்யுயுஐடி என்ற அமைப்பை இயக்கினால் அடையாளம் உள்ளே தெரியத் தொடங்கும். அமேசான் கிளவுடின் மெய்நிகர் டிஸ்க்கான இபிஎஸ் வால்யூமை எஸ்டிஎஃப் என்று இணைத்தாலும், புதிய வகை சர்வர்களுக்குள் அது என்விஎம்இ என்று தொடங்கும் பெயரில்தான் வரும். அதிலும் எண்கள் மாறும். அங்கே சீரியல் இடத்தில் வால்யூம் ஐடியே இருக்கிறது, அதைப் பாருங்கள்.

எல்விஎம் வடிகட்டியில் எழுத்து

மேலே சொன்ன ஜாக்கிரதையைக் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. எல்விஎம்மின் அமைப்புக் கோப்பான எல்விஎம்.கான்ஃபில், எந்த டிஸ்க்குகளைப் பார்க்கலாம் என்று சொல்லும் வடிகட்டியில் ‘எஸ்டிஏவை மட்டும் ஏற்றுக்கொள், மற்றதை ஒதுக்கு’ என்று எழுதி வைப்பது. எஸ்டிஏ ஒரு நாள் எஸ்டிபி ஆனால், இயங்குதளம் இருக்கும் ரூட் வால்யூமே கிடைக்காமல் சர்வர் பாதியில் நிற்கும். கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. சர்வர் தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அதன் பழைய பிரதி உட்கார்ந்திருக்கும், அதையும் புதிதாகக் கட்ட வேண்டும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 முதல் இயல்பாகவே வடிகட்டிக்குப் பதில் டிவைசஸ் கோப்பு இருக்கிறது. அது டிஸ்க்கை அதன் நிலையான அடையாளத்தால் நினைவில் வைக்கிறது. அடையாளமே இல்லாத டிஸ்க் என்றால் அதுவும் வேறு வழியின்றி எழுத்துக்குத்தான் திரும்பும்.

மல்டிபாத் இருக்கும்போது எஸ்டியைத் தொடுவது

ஒரே டிஸ்க்குக்குப் பல இணைப்பு வழிகள் இருப்பதுதான் மல்டிபாத். ஸ்டோரேஜ் பெட்டி தரும் ஒரே எல்யுஎன் (சர்வருக்கு டிஸ்க்காகத் தெரியும் பகுதி) நான்கு வழிகளில் வந்தால் நான்கு எஸ்டிகளாகத் தெரியும். நான்கும் ஒரே டிஸ்க். ‘காலியாக மூன்று இருக்கிறதே’ என்று ஒருவர் மகிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லா வழிகளையும் ஒன்றாகக் காட்டும் மேப்பர் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். எம்பாத்ஏ, எம்பாத்பி என்ற மேப்பர் பெயர்களும் அந்தந்தச் சர்வரின் பைண்டிங்ஸ் கோப்பிலிருந்து வருபவை. பல சர்வர்கள் சேர்ந்தியங்கும் கிளஸ்டரில் ஒரு முனையின் எம்பாத்பி மற்றொன்றில் எம்பாத்சி ஆக இருக்கலாம். டிஸ்க்கின் உலகளாவிய அடையாளமான டபிள்யூடபிள்யூஐடிக்கு நீங்களே மாற்றுப் பெயர் சூட்டி, அதே வரிகளை எல்லா முனைகளிலும் வையுங்கள்.

யுயுஐடி தனித்தது என்று நம்பிவிடுவது

ஸ்டோரேஜ் பெட்டியில் எடுத்த குளோனை (டிஸ்க்கின் அச்சு அசல் நகலை) அதே சர்வரில் இணைத்தால் யுயுஐடியும் இரட்டையாகிவிடும். எல்விஎம் குழப்பமடையும், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை ஏற மறுக்கும். எல்விஎம் குழப்பத்தைத் தீர்க்கவே விஜிஇம்போர்ட்குளோன் என்ற கட்டளை இருக்கிறது.

இசட்எஃப்எஸ் பூலை எஸ்டி எழுத்துகளில் உருவாக்கியது

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்புதான் பூல். அதை எக்ஸ்போர்ட் செய்து, பை-ஐடி அடைவைக் காட்டி இம்போர்ட் செய்யுங்கள்.

டிஸ்க் தட்டின் முகப்பில் எஸ்டி எழுத்தை எழுதி ஒட்டுவது

பிய்த்துப் போடுங்கள். சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டுங்கள்.