உப்புக்காற்றில் உயரத்தில் வேலை: பாதுகாப்பு பெல்ட்டில் நாம் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலை நீர்த்தொட்டிக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தோம். உடன் வந்த தம்பி புது ஹார்னஸை, அதாவது உடலைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டை, முறையாக மாட்டியிருந்தான். தொடைப்பட்டை, மார்புப்பட்டை, முதுகு வளையம் எல்லாம் சரியாக இருந்தன. மேலே ஏறியதும் தொட்டியைச் சுற்றியிருந்த கைப்பிடிக் கம்பியில் ஹார்னஸ் கயிற்றின் கொக்கியை மாட்டினான். பழைய பெயின்ட் உரியாமல், பார்க்க உறுதியாக இருந்த கம்பி. அதன் அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. இரண்டாவது தட்டில் கம்பி கையோடு வந்துவிட்டது.

அன்றிலிருந்து யாராவது "பெல்ட் போட்டிருக்கிறேன் அண்ணே" என்றால், "எதில் மாட்டியிருக்கிறாய்?" என்றுதான் கேட்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் செல்போன் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, கோயில் கோபுரச் சாரம், ஐஸ் கம்பெனிக் கூரை என்று உயரத்தில் வேலை செய்பவர்கள் பலர். பெல்ட் வாங்கும் பழக்கம் வந்துவிட்டது, நல்லது. அதன் மறுமுனையைப் பற்றி யோசிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

இடுப்பு பெல்ட்டை நம்புவது

பழைய ஆட்கள் சிலர் இன்னும் இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டோடு ஏறுகிறார்கள். கம்பத்தில் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்ய அது உதவும். விழுந்தால் அதுவே ஆபத்து. உடலின் முழு எடையும் வேகமும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தலைகீழாகப் புரண்டு பெல்ட்டிலிருந்து நழுவவும் செய்யலாம். விழுவதைத் தடுத்து நிறுத்த இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1998 தொடக்கத்திலிருந்தே விதி இருக்கிறது. நமக்கு வேண்டியது தோள், மார்பு, இரண்டு தொடைகள் எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ். வாங்கும்போது அதன் விவரச் சீட்டில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண்ணோ இ.என். 361 என்ற ஐரோப்பிய எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே இல்லாத பெல்ட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சில ஹார்னஸ்களில் இடுப்பின் இரு பக்கமும் வளையங்கள் இருக்கும். அவை சாய்ந்து நிற்பதற்கு மட்டுமே. விழுவதைத் தடுக்கும் கயிற்றை இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் இருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும். உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் நெஞ்சு வளையத்திலும் மாட்டலாம்.

மாட்டும் இடம்

விழுபவரைக் கயிறு பிடித்து நிறுத்தும் நொடியில் கொக்கி மாட்டிய இடம் தாங்க வேண்டிய சுமை உங்கள் எடையைப் போல் பல மடங்கு. 100 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்து, அதிர்ச்சி தாங்கி இல்லாத கயிற்றில் 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், அவர் உடலில் சராசரியாக 2 டன்னுக்கும் மேல் இழுவிசை விழும். அதிர்ச்சி தாங்கி என்பது கயிற்றோடு வரும் சிறு பொட்டலம். உள்ளே மடித்துத் தைத்த பட்டை இருக்கும். விழும்போது தையல் பிரிந்து பட்டை நீண்டு அந்த விசையைக் குறைக்கும். ஐரோப்பியத் தரத்தில் அது 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 600 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். நல்ல பொட்டலம் இருந்தாலும் மாட்டும் இடத்துக்கு இவ்வளவாவது வந்து சேரும். அதனால்தான் ஓர் ஆளுக்கான பிடிப்பு 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கிறது.

இந்தக் கணக்கோடு நம் ஊர்க் கட்டடங்களைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய், ஜன்னல் கம்பி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஆணி, சாரத்தின் சவுக்குக் கம்பு, அதைக் கட்டிய கயிறு: இவை எல்லாவற்றிலும் கொக்கி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எதுவுமே தாங்காது. கான்கிரீட் தூணையோ உத்திரத்தையோ சுற்றி, அதற்கென்றே விற்கும் பட்டையைப் போட்டு மாட்டுங்கள். கான்கிரீட்டிலும் கடற்கரைக்கே உரிய சிக்கல் உண்டு. உள்ளே கம்பி துருத்து வீங்கினால் மேல்பூச்சு பிளந்து பழுப்பு நீர் வடியும். அந்தத் தூண் வேண்டாம்.

பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தை நூறாண்டுக்கும் மேல் காப்பாற்றியது ஓயாத பராமரிப்பும் பெயின்ட்டும்தான். இரும்பை உப்பு எப்படித் தின்னும் என்று அந்தப் பாலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலத்தில் தெரிந்துவைத்திருப்பதை நம் கொக்கி மாட்டும் கம்பியில் மறந்துவிடுகிறோம்.

தரை எவ்வளவு தூரம்?

உயரம் அதிகமானால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஹார்னஸைப் பொறுத்தவரை தாழ்ந்த உயரமும் ஏமாற்றும். முதல் மாடி போடும் வீட்டில் நிற்கிறீர்கள். தளம் 10 அடி, அதாவது 3 மீட்டர் உயரம். 2 மீட்டர் கயிற்றைக் காலடியில் தளத்துக் கம்பியிலேயே மாட்டியிருக்கிறீர்கள். முதுகு வளையம் பாதத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது. நீங்கள் விழுந்தால் கயிறு விறைக்கும்போது உங்கள் பாதம் தளத்துக்கு மூன்றரை மீட்டர் கீழே இருக்க வேண்டும். தரை இருப்பதோ 3 மீட்டரில். கயிறு விறைப்பதற்கு முன்பே தரையில் மோதிவிடுவீர்கள்.

முழுக் கணக்கு இது: கயிறு 2 மீட்டர், அதிர்ச்சி தாங்கி முழுதாகப் பிரிந்தால் 1.75 மீட்டர் வரை, வளையத்திலிருந்து பாதம் ஒன்றரை மீட்டர், காப்பு இடைவெளி 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் வேண்டும். நடுவில் சன்ஷேடோ மதிலோ நிறுத்திய லாரியோ இருந்தால் அதுதான் உங்கள் தரை.

வழி எளிது. தலைக்கு மேலே மாட்டுங்கள். விழும் தூரம் குறையும், விசையும் குறையும். அது முடியாத தாழ்ந்த வேலைகளில் விளிம்பு வரை போகவே விடாத நீளத்துக்குக் கயிற்றைச் சுருக்கி அமையுங்கள். அல்லது கைப்பிடி வேலி போடுங்கள். விழுந்த பிறகு பிடிப்பதைவிட விழாமல் செய்வது மேல் என்பதால், வேலி போட முடிகிற இடத்தில் நான் ஹார்னஸைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

பக்கவாட்டையும் பாருங்கள். மாட்டிய இடத்திலிருந்து விலகிப் போய் வேலை செய்தால் விழும்போது ஊஞ்சல் போல ஆடிச் சுவரில் மோதுவீர்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் பாம்பன் பக்கம் காற்றே ஆளைத் தள்ளும். காற்று மிஞ்சினால் ரயிலையே நிறுத்திவைக்கிற இடம் அது. அந்த நேரத்தில் கோபுரத்தில் ஏறச் சொல்லும் மேஸ்திரிக்கு மறுப்புச் சொல்லத் தயங்காதீர்கள்.

உப்பு, வெயில், முடிச்சு

இந்தக் கரையில் ஹார்னஸ்களை அதிகம் கெடுப்பது பராமரிப்பில் நடக்கும் தவறுகள். பட்டை நைலானாலோ பாலியெஸ்டராலோ ஆனது. கடல் ஈரம் அதில் ஊறிக் காய்ந்தால் உப்பு பொடிப்பொடியாக இழைகளுக்கு நடுவே தங்கும். பட்டை வளையும்போதெல்லாம் அந்தப் பொடி மணல்தாள் போல இழையை அறுக்கும். வெயிலில் புற ஊதாக் கதிர் தன் பங்கைச் செய்யும். வலையை நாள்கணக்கில் வெயிலில் போட்டால் இற்றுப்போகும் என்று எந்த மீனவரும் சொல்வார். அதே நூல்தான் உங்கள் பெல்ட்டிலும் இருக்கிறது. அதைச் சாரத்தின் உச்சியிலேயே தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

துவைப்பதிலும் தவறு நடக்கிறது. நம் பக்கம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதில் அலசினால் பழைய உப்புக்குப் பதில் புது உப்பு ஏறும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அரை வாளி எடுத்துவையுங்கள். குடிக்கிற தண்ணீரைப் பெல்ட்டுக்கு ஊற்றுவதா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள். மிதமான சோப்புப் போட்டு, நன்றாக அலசி, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் தின்னரும் அருகில் வரக் கூடாது. பெயரை மார்க்கர் பேனாவால் பட்டையில் எழுதுவதும் தவறு. மையில் இருக்கும் கரைப்பான் இழையைக் கெடுக்கலாம். சிமென்ட் பால் பட்ட பாலியெஸ்டர் பட்டையையும், பேட்டரி அமிலம் பட்ட நைலான் பட்டையையும் அப்படியே காயவிடாதீர்கள்.

ஏறும் முன் ஒவ்வொரு முறையும் பட்டையைத் தலைகீழ் "ப" போல வளைத்து, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அறுந்த இழை, விறைத்த இடம், வெளுத்த நிறம், தையலில் விடுபட்ட கண்ணி, வளையத்தில் பள்ளம் பள்ளமாக அரிப்பு, கொக்கியின் சுருள்வில்லில் துரு இருந்தால் அன்றைக்கு அது வேண்டாம். கொக்கியின் நாக்கு தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும்; விரலால் உதவி செய்து மூட வேண்டியிருந்தால் கொக்கி செத்துவிட்டது. ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸையும் கயிற்றையும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் தூக்கிப்போட்டால் வேறொருவர் எடுத்து மாட்டுவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அப்போது கட்டட வேலைக்கு வரும் மீனவத் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முடிச்சுப் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கயிறு நீளம் என்று நடுவில் ஒரு முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் அதன் பலம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ போய்விடும். வலையில் ஒரு கண்ணி போனால் பின்னிக்கொள்ளலாம். இங்கே பின்னுவதற்கு ஆள் இருக்க மாட்டார். குட்டையான கயிறு வேண்டுமானால் குட்டையான கயிற்றையே வாங்குங்கள்.

பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்படித்தான், "சின்ன வயதிலிருந்தே ஏறுகிறேன்" என்பார்கள். உண்மை, அந்தத் திறமைக்கு என் வணக்கம். பனையில் காலில் மாட்டும் தளைநாரோடு மரத்தை அணைத்துக்கொண்டே ஏறுகிறீர்கள். கோபுரத்தில் ஒரு கையில் பெயின்ட் வாளி, ஒரு கையில் பிரஷ். அணைத்துக்கொள்ளக் கை ஏது?

மாற்றி மாட்டும் நொடி

ஒற்றைக் கயிற்றோடு ஏறினால் கொக்கியைக் கழற்றி மேலே மாட்டும் நேரத்தில் நீங்கள் எதிலும் இல்லை. இரட்டை வால் கயிறு வாங்குங்கள். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். சும்மா இருக்கும் கொக்கியை, ஹார்னஸில் அதற்கென்று தைத்திருக்கும் சிறு கண்ணியில் மட்டும் தொங்கவிடுங்கள். இடுப்பு வளையத்தில் மாட்டினால் விழும்போது அதிர்ச்சி தாங்கி முழுதாகப் பிரிய முடியாமல் போகலாம்.

அளவு பற்றிச் சுருக்கமாக: தொடைப்பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. வேட்டியையோ கைலியையோ மடித்துக் கட்டிய மேல் தொடைப்பட்டை போடாதீர்கள், கால்சட்டை அணியுங்கள்.

தொங்குபவரை யார் இறக்குவது?

எல்லாம் சரியாக நடந்து கயிறு பிடித்துவிட்டது என்று வையுங்கள். ஆள் அந்தரத்தில் தொங்குகிறார். தொடைப்பட்டை அழுத்த, கால்கள் அசையாமல் தொங்க, கீழே இறங்கிய இரத்தம் மேலே திரும்பாமல் தேங்கும். சில நிமிடங்களிலேயே தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். மயங்கியவரை விரைவாக இறக்காவிட்டால் உயிர் போகும். 108 வண்டி தரை வரைதான் வரும்.

ஆகவே ஏறுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை உண்டு. கீழே ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். தொங்குபவரை எட்டும் ஏணியோ கப்பியும் கயிறுமோ அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். ஹார்னஸில் தொங்கவிட்டுக் காலை ஊன்றிக்கொள்ளும் சிறு பட்டைகள் விற்கின்றன. ஆளுக்கு ஒரு ஜோடி வாங்குங்கள். நினைவோடு தொங்குபவர் அதில் காலை ஊன்றி எழும்ப வேண்டும். பட்டை இல்லாவிட்டால் கால்களை விடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கியபின் உட்காரவைக்க வேண்டும், படுக்கவைத்தால் ஆபத்து என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 2009-இல் சான்றுகளை ஆராய்ந்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தரையில் படுக்கவைத்து, மூச்சு ஓடுகிறதா என்று பார்த்து, வழக்கமான முதலுதவியைச் செய்து, அவர் நலமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மேலே சொன்ன தம்பி இப்போது தனியாக ஆள் வைத்து வேலை எடுக்கிறான். அவனுடைய கருவிப் பையில் பிரஷ்களுக்கு நடுவே ஒரு சிறு சுத்தியல் இருக்கும். ஆட்களை ஏற்றும் முன் அதை எடுத்துக்கொண்டு அவனே முதலில் மேலே போய், கொக்கி மாட்டப்போகும் ஒவ்வொரு கம்பியின் அடியையும் தட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறான்.