'குறுக்கே' எங்கிருந்து வந்தது? ஒரு சொல்லின் வேரை நாமே தேடிப் பார்க்கும் முறை

வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளரும் மொரீசியஸ் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் வேறு ஏதோ மொழியிலிருந்து வந்ததுபோலவே கேட்கும். எங்கள் வகுப்பில் வந்த கேள்வி இது: "சாலைக்குக் குறுக்கே என்கிறோமே, அது பிரெஞ்சு 'க்ருவா'வா, ஆங்கில 'கிராஸா'?" நல்ல கேள்வி. விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒட்டை நீக்குங்கள். குறுக்கே என்பது குறுக்கு + ஏ. தேட வேண்டியது 'குறுக்கு'.

அடுத்தது எழுத்து. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நம் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் 'குருக்கு' என்று தேடுவார்கள். நமக்கு வேண்டிய சொல் வராது. காதை நம்பாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வேர் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். சிறு + ஊர் = சிற்றூர். பெரு + ஊர் = பேரூர். ற இரட்டிக்கும், ர ஒருநாளும் இரட்டிக்காது. குறு + இயல் + உகரம் என்பது குற்றியலுகரம் ஆகிறது அல்லவா? அப்படியானால் வல்லின ற-தான். சரி, தட்டச்சு? ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ற-வுக்குப் பொதுவாகப் பெரிய 'ஆர்' போட வேண்டும், அது மறந்துபோகும். என்னைக் கேட்டால் தமிழ்99 விசைப்பலகைதான் நல்லது. இரண்டுக்கும் தனித்தனி விசை இருப்பதால் விரலே வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது.

அப்புறம் அகராதி. தானியங்கி மொழிபெயர்ப்பு வேண்டாம், அது வேரைச் சொல்லாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961, திருத்திய பதிப்பு 1984) சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரோமன் எழுத்தில் படித்தால், கீழே கோடிட்ட 'ஆர்' தான் ற.

இனி உறவுக்காரர்களைத் திரட்டுங்கள். பெருகு, பெருக்கு; உருகு, உருக்கு; அதே வரிசையில் குறுகு, குறுக்கு. தானே சிறிதாவது குறுகுதல், சிறிதாக்குவது குறுக்குதல். குறுமை, குறில், குறள், மகரக்குறுக்கம் (ம் தன் அளவில் குறைந்து ஒலிப்பது) எல்லாம் இந்தக் குடும்பமே. மலையாளத்திலும் 'குறுகே' என்றால் இதே பொருள்தான், அங்கும் ற-தான்.

குட்டை என்ற பொருள் திசையாக எப்படி மாறியது? எதிர்ச்சொல்லைப் பாருங்கள்: நெடுக்கு. ஒரு வேட்டியை விரித்தால் நீண்ட பக்கம் நெடுக்கு, குட்டைப் பக்கம் குறுக்கு. நீளமான எதையும் அதன் குட்டை வாக்கில் வெட்டிப் போவதே குறுக்கே போவது என்பது என் புரிதல். கரும்பு வரிசைகளுக்குக் குறுக்கே நடந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி. நெடுந்தொகை என்று பெயர்பெற்ற அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடி. அதே குறு, அதே நெடு.

கிராஸ், க்ருவா இரண்டும் லத்தீன் 'க்ருக்ஸ்' வழி வந்தவை. அதற்குச் சிலுவை என்று பொருள். குட்டை என்ற கருத்துக்கு அங்கே இடமே இல்லை. குறுக்கே என்ற பொருளில் வரும் பிரெஞ்சு 'த்ராவேர்' இன்னொரு வழியில் வந்தது: லத்தீனில் 'குறுக்காகத் திருப்பப்பட்ட' என்று பொருள்படும் 'திரான்ஸ்வெர்சுஸ்'. ஆக, ஒலி ஒத்திருப்பது போதாது. குடும்பம் ஒத்துவர வேண்டும்.

பிற்சேர்க்கை: 'குறுக்கு வலிக்கிறது' என்று பாட்டி சொல்வது எந்தக் குறுக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். தென் தமிழகத்தில் இடுப்பைக் குறுக்கு என்பார்கள். உடம்பு குறுகும் இடம் அதுதானே. 'குறுக்கு வழி'யில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன: வெட்டிப் போகும் வழி, தூரம் குறைந்த வழி. இதே முறையில் அடுத்து 'ஊடே'யைத் தேடிப் பாருங்கள். அதில் ற தொல்லை இல்லை.