எக்ஸ்போர்ட் ஓடும் நேரமும் வேலை நேரம்தான்

வீடியோ எடிட்டிங்கில் பதினொரு வருஷம் ஓட்டிவிட்டேன். முதல் நான்கு வருஷம் ஓவர்டைம் என்று ஒரு காசு வாங்கியதில்லை. தர மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. "எத்தனை மணி நேரம் அதிகமா பார்த்தீங்க?" என்று கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, எழுதி வைப்பது. வார முடிவில் யோசித்து எழுதினால் பாதி மறந்துபோகும், அன்றன்றைக்கே எழுதுங்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது (எக்ஸ்போர்ட் என்றால், எடிட் முடிந்த வீடியோவை கம்ப்யூட்டர் ஒரே ஃபைலாக மாற்றித் தருவது): "7:10 தலைப்பு எழுத்து மாற்றம், டைரக்டர் மெசேஜ். 7:40 எக்ஸ்போர்ட். 9:05 எக்ஸ்போர்ட் பாதியில் நின்றது, மறுபடி போட்டேன். 11:20 அனுப்பினேன்." யார் சொல்லி உட்கார்ந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுவேன். பின்னால் அதற்குத்தான் மதிப்பு. எக்ஸ்போர்ட் ஃபைலில் பதிவாகும் நேரமும் மெசேஜ் வந்த நேரமும் நோட்டோடு ஒத்துப்போனால் யாரும் வாய் திறக்க முடியாது.

"எக்ஸ்போர்ட் ஓடும்போது சும்மாதானே இருந்தீங்க?" என்பார்கள். எழுந்து வீட்டுக்குப் போக முடிந்ததா? முடியவில்லை என்றால் அதுவும் வேலை நேரம்தான் என்பது என் கட்சி.

அடுத்தது கணக்கு. மாதச் சம்பளம் 48,000, ஒப்பந்தப்படி மாதம் 192 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 250 வரும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இல் தொழிற்சாலைகளுக்கும் 1930இல் கடை, அலுவலகங்களுக்கும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உடன்படிக்கை போட்டது. கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்றது. அப்படியானால் மணிக்கு 312.50. ஒன்றரை மடங்கு தரும் நாடுகளில் 375. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அதே சம்பளத்துக்கு 240 மணி நேரம் உழைத்திருந்தால் உங்கள் மணிக்கூலி 200. இந்த 200ஐப் பார்த்த அன்றுதான் எனக்குக் கோபமே வந்தது.

உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். குறிப்பாக, ஓவர்டைம் தர வேண்டாம் என்ற விலக்குகள் யாருக்கு என்று பாருங்கள். அமெரிக்காவில் 1938 சட்டப்படி வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆனால் கற்பனையும் சொந்தத் திறமையும் முக்கியமாகத் தேவைப்படும் வேலைக்கு, சம்பளம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், விலக்கு உண்டு. அங்கேயும் பதவியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. தினமும் என்ன செய்கிறீர்கள் என்பதே கணக்கு. விசிட்டிங் கார்டில் 'கிரியேட்டிவ்' என்று போட்டுவிட்டு, நாள் முழுக்க சப்டைட்டில் ஒட்டச் சொல்லும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கும்போது புலம்பாதீர்கள். "இந்த மாதம் 31 மணி நேரம் அதிகம், பட்டியல் இணைத்திருக்கிறேன்" என்று மெயிலில் இரண்டு வரி போதும். டெலிவரிக்கு முந்தைய நாள் கேட்டால் மிரட்டல் மாதிரி தெரியும். டெலிவரி முடிந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் என்றால் ஓவர்டைம் சட்டம் பெரும்பாலும் துணைக்கு வராது, ஒப்பந்தம்தான் சட்டம். ஒரு நாள் கூலி எத்தனை மணி நேரத்துக்கு, கரெக்‌ஷன் எத்தனை சுற்று, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நான் இரண்டு சுற்றோடு நிறுத்துவேன். 'சின்ன கரெக்‌ஷன்' என்று எதுவும் கிடையாது. ஒரு ஷாட்டை மாற்றினால் இசையும் நகரும், கலரும் மாறும். இரண்டு நாள் வேலைக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு என்றும் ஒரு வரி சேர்ப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 விதியிலிருந்து எடுத்தது.

பணத்துக்குப் பதில் கம்ப் ஆஃப், அதாவது அதிகம் உழைத்ததற்கு ஈடாக லீவு, தருகிறோம் என்றால், சரி, எந்தத் தேதிக்குள் எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அதை வாய்க்கணக்காக வைத்திருந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், ஒன்பது நாளும் அவரோடு போயிற்று.