பலமான சிக்னலில் ரிசீவர் திணறினால் அட்டெனுவேட்டரைப் போடுங்கள்

இரவில் சிற்றலை ரிசீவரில் 7 மெகாஹெர்ட்ஸ் கேட்கும்போது இல்லாத நிலையங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்தால், முதலில் ப்ரீஆம்பை (சிக்னலைப் பெருக்கும் முன்பகுதியை) அணைத்துவிட்டு 10 டெசிபல் அட்டெனுவேட்டரைப் (சிக்னலின் பலத்தைக் குறைக்கும் அமைப்பை) போடுங்கள். ரிசீவரில் அந்த வசதி இல்லையா? ஆன்டெனா வழியில் தொடராக ஒரு 68 ஓம் ரெசிஸ்டர், அதன் இரு முனைகளிலிருந்தும் எர்த்துக்கு தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். 50 ஓம் ரிசீவருக்கு ஏறக்குறைய 10 டெசிபல் குறைப்பு கிடைத்துவிடும். கால் வாட் கார்பன் ரெசிஸ்டரே போதும், செலவு சில ரூபாய்தான்.

நாம் கேட்க விரும்பும் சிக்னல் 10 டெசிபல் குறையும்போது, பலமான இரண்டு சிக்னல்கள் ரிசீவருக்குள் கலந்து உருவாக்கும் மூன்றாம் படிப் போலி சிக்னல் (டெசிபல் கணக்கில் மூன்று மடங்காக ஏறி இறங்கும் வகை) 30 டெசிபல் குறைகிறது. குறைந்த அலைவரிசைகளில் வானத்து இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம். அதனால் தொலைதூர நிலையம் எதையும் இழக்க மாட்டீர்கள். போட்டதும் தொல்லை 10 டெசிபல் மட்டுமே குறைந்தால் அது உண்மையிலேயே காற்றில் வரும் சிக்னல். அதற்கு இது மருந்தல்ல.

144 மெகாஹெர்ட்ஸில் மெலிந்த சிக்னல் தேடுபவர்கள் இதைத் தவிர்க்கலாம், அங்கே ஒவ்வொரு டெசிபலும் முக்கியம். டிரான்ஸீவர் (கேட்கவும் ஒலிபரப்பவும் ஒரே கருவி) என்றால் மிகுந்த கவனம் தேவை: ஒலிபரப்பும்போது இந்த ரெசிஸ்டர்கள் கருகிவிடும். கேட்பதற்கு மட்டுமான வழியில்தான் இணைக்க வேண்டும். அதே வளாகத்தில் 100 வாட் டிரான்ஸ்மிட்டர் ஓடினால் 10 டெசிபலை நம்பாதீர்கள், ரிசீவரின் ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள்.